எழுநூறு இரவுகளின் ஊசி

காலை ஏழரை. துறைமுக வாசல்.
என் பேருந்தில் ஏற முப்பத்தொரு பேர்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்குமுன்
சட்டைக் கழுத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.
அங்கே ஒரு குட்டி நங்கூரம்:
கப்பலில் நூறு இரவு தூங்கியவருக்கு வெண்கலம்,
முந்நூறுக்கு வெள்ளி,
எழுநூறுக்கு நடுவில் நீலக் கல்.

நீலக் கல் முன்னிருக்கையில் அமரும்.
சட்டம் ஒன்றுமில்லை.
வெண்கலக்காரர் தாமாகவே ஒதுங்குவார்
யன்னலில் ஏதோ தெரிவதுபோல.
ஒன்றுமே குத்தாத புதுத் தம்பதி
கடைசி வரிசையில்
ஒரே தொப்பிக்குச் சண்டை.

என் மார்பிலும் ஒன்று தொங்குகிறது:
வழிகாட்டி உரிமம், படம், இலக்கம்.
பெயரில் பாதியை அவர்களுக்காக
நானே வெட்டிவிட்டேன்.

புறக்கோட்டை. நெரிசல்.
அன்னாசிக்கு உப்பும் மிளகாயும் தூவுகிற பையன்
திருமதி ஹாட்லியின் நீலக் கல்லைப் பார்த்து
"நல்ல தோடு. மற்றது எங்கே?" என்றான்.
நான் மொழிபெயர்க்கவில்லை.

இதே முனையில் ஒரு சோதனைச்சாவடி இருந்தது.
இறங்குமுன் நெற்றியைத் துடைத்துக்கொள்வேன்.
அதையும் மொழிபெயர்ப்பதில்லை.

எழுநூறு இரவென்றால்
இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் குறைவு.
கொள்ளுப்பிட்டிச் சிக்னலில் கணக்குப் போட்டேன்.
வீட்டில் யார் என்று கேட்கவில்லை.
"பூனையும் போய்விட்டது" என்றார் அவராகவே.

காலிமுகத்திடல். இறால் வடை, காற்று, பட்டங்கள்.
திடீரென்று அவர் கை கழுத்துக்குப் போனது.
போன கை அங்கேயே நின்றது.
எல்லோரும் குனிந்து புல்லைத் தடவினோம்,
வெள்ளிக்காரர் மட்டும் கொஞ்சம் மெதுவாக.
கிடைக்கவில்லை.
பேருந்தில் ஏறியவர்
முன்னிருக்கையைத் தாண்டி
பின்னே போய் உட்கார்ந்தார்.
யாரும் போகச் சொல்லவில்லை.
இருங்கள் என்றும் சொல்லவில்லை.
தொப்பித் தம்பதி நகர்ந்து இடம் கொடுத்தது.

மாலை கப்பல் ஊதிவிட்டுப் போன பிறகு
சாரதி லலந்த பேருந்தைக் கூட்டினான்.
மூன்றாம் இருக்கையின் கீழே, வடைத்தூளில், நங்கூரம்.
திங்கட்கிழமை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.
அதுவரை தொலையாமலிருக்க
சேலைத் தோளில் குத்திக்கொண்டேன்.
தொலையாமலிருக்க மட்டும்தானா, தெரியாது.

நூறாம் இலக்க பஸ். நின்றபடி வெள்ளவத்தைக்கு.
பதினொரு வருடம், இதே கம்பி.
ஒருவரும் எழும்பவில்லை.
பம்பலப்பிட்டியில் மீன் பையோடு ஏறியவள்
என் தோளை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, ஊசி திறந்து கிடக்கு. குத்தப் போகுது."

பஸ் குலுங்கக் குலுங்க
ஒற்றைக் கையால் அவளே பூட்டிவிட்டாள்.