பம்பருக்கு உள்ளே

தார்த்துவில் பனி உருகும் வாரம்.
சிவப்பு விளக்கில் 'டொப்' என்றது, அவ்வளவுதான்.
உர்மாஸ் இறங்கிவந்து குனிந்து பார்த்தார்.
பெயிண்டில் நகக்கீறல்கூட இல்லை.
ஆனாலும் நம்பர் தந்துவிட்டுப் போனார்.

லேலோவுக்கு மனசு கேட்கவில்லை.
டிக்கி இடுக்கில் இரண்டு யூரோ நாணயத்தைச் செருகினாள்:
இடப்பக்கம் நுழைந்தது,
வலப்பக்கம் முரண்டுபிடித்தது.

மெக்கானிக் ஹெய்கி கிளிப்புகளைக்
கடைவாய்ப்பல் பிடுங்குவதுபோல் கழற்றினார்.
"பிளாஸ்டிக் பொய் சொல்லும்."

உள்ளே தெர்மாகோல் மூன்று துண்டு.
இரும்புச் சட்டம் நெளிந்து,
நெளிவின் பள்ளத்தில் துரு.
துண்டுகளைச் சுற்றி யாரோ ஒட்டிய டேப்,
பழுத்து, பசை செத்து.

"இது நேற்றைய அடி இல்லை."

உர்மாஸுக்கென்று போனில் எழுதிய தொகை
பாதியில் நிற்கிறது.
அதற்குள் அவரே:
"எல்லாம் சரிதானே? ராத்திரி தூங்கவில்லை."

ஹெய்கி கையைத் துடைத்தபடி நிற்கிறார்,
திரும்ப மாட்டவா,
வேண்டாமா.