எண்ணெய்க் கணக்கு

இரவு ஒன்றேமுக்காலுக்கு
நெபுலைசர் மோட்டார்
ஒருமுறை கமறிவிட்டு நின்றது.
அமுதினியின் இருமல் நிற்கவில்லை.
வெளியே ஹவ்காங் முழுக்கப் புகைமூட்டம்;
எதிர் புளோக்கின் எண்கூடத் தெரியவில்லை.

நீ அதற்குள் வேன் சாவியை எடுத்துவிட்டாய்.
"காக்கி புக்கிட்ல சிலிண்டர் இருக்கு,
இருபது நிமிஷத்துல வந்துடுவேன்.
ஆக்சிஜன்னா ஆக்சிஜன்தானே."
அது சரிப்படாவிட்டால்
பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரசர் இருக்கிறதாம்.
காற்றுதானே,
மருந்தைப் புகையாக்கினால் போதுமாம்.

வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.
இடுப்பில் குழந்தை,
அவள் மூச்சு என் காதில்
கிழிந்த விசில்போல.

எனக்கு வெல்டிங் தெரியாது, இளங்குமரா.
பில் தெரியும்.
பதினோரு வருஷமாக உன் பட்டறைக்குக் கணக்கெழுதுகிறேன்.
மாதம் ஒரு டப்பா கம்ப்ரசர் ஆயில் வாங்குகிறோம்.
ஒரு சொட்டுகூடத் தரையில் ஒழுகவில்லை என்று
நீயே பெருமையாகச் சொல்வாய்.
அப்படியென்றால்
அந்த எண்ணெய் எங்கே போகிறது?

நீ பதில் சொல்லவில்லை.
பெயிண்ட் வேலையில் எண்ணெய் பட்டால்
மீன்கண் மீன்கண்ணாகப் பொத்துக்கொள்ளும் என்று
வாடிக்கையாளர் கத்திய அன்று
ஃபில்டர் மாற்றியவன் நீ.
கார்க் கதவுக்கு ஆகாத காற்று.

சிலிண்டர் கணக்கும் சொல்லவா?
காலியைக் கொடுக்கிறோம், நிரம்பியதை வாங்குகிறோம்.
நம்மிடம் வரும் முன்
அது எந்தக் கப்பலடியில் கிடந்தது,
யாருடைய ஹோஸ் வழியாக
எந்த வாயு அதற்குள் திரும்பிப் போனது,
எந்தப் பில்லிலும் இல்லை.
உன் மீட்டர் அழுத்தத்தைச் சொல்லும்.
மூன்று வயது மூக்குக்கு
நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று சொல்லாது.

கிரீஸ் கையோடு அந்த வால்வைத் தொட்டதற்கு
புதுப் பையன் ரஃபீக்கை
நீ அடிக்காத குறையாகத் திட்டினாயே,
"பத்திக்கும்டா" என்று.
இங்கே தைலம் தடவிய நெஞ்சு,
பக்கத்து அறையில் உன் அம்மாவின் சாமி விளக்கு.

சாவி உன் கையிலேயே இருந்தது.
முகம் மட்டும்
கணக்கில் விட்டுப்போன ஒரு தொகையைத்
தேடுகிறவன்போல் ஆனது.

குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தது
டாக்டர் எழுதிக்கொடுத்த தாள்,
ஒரு மீன் காந்தத்தின் கீழே, மளிகைப் பட்டியலுக்குப் பின்னால்.
தாளில் சொன்னபடி
நீல இன்ஹேலர், முகமூடி வைத்த குழாய்.
ஒரு அழுத்தம், பிறகு அவள் மூச்சை எண்ணினாய்,
மறுபடி ஒரு அழுத்தம்.
எண்ணும்போது உன் குரல் நடுங்கியது.
விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தால்
காத்திருக்காதே என்று தாளின் கடைசி வரி.
சட்டையைத் தூக்கிப் பார்த்தோம்.
குழிந்தது.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்தை
நான்தான் அழைத்தேன்.

ஆம்புலன்சில் அவளுக்கு முகமூடி மாட்டினார்கள்.
மருந்து வெள்ளையாகப் பொங்கியது.
நீ குழந்தையைப் பார்த்தாய்,
பிறகு சிலிண்டரைப் பார்த்தாய்.
குனிந்து அதன் லேபிளை வாசித்தாய்,
தேதி, எண், சோதித்தவரின் முத்திரை,
ஒன்றுவிடாமல்,
போட்டிப் பட்டறையின் வேலையைப் பார்க்கிறவன்போல.
"இதுக்குள்ளயும் அதேதான்" என்றாய் மெதுவாக.
பையாலேபார் திருப்பம் வந்தபோது,
"ஆனா இது எங்கிருந்து வந்துச்சுன்னு
எழுதி வச்சிருக்காங்க."

திங்கட்கிழமை மாலை
புது நெபுலைசரோடு வந்தாய்.
கூடவே ஒரு வெள்ளைக் கைக்குட்டை,
நாலாக மடித்தது.
கம்ப்ரசர் ஹோஸ் முன்னால்
ஒரு நிமிஷம் பிடித்தாயாம்.
நடுவில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம்,
விளிம்பில் துரு.

துவைக்கப் போடுவாய் என்று நினைத்தேன்.
சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய்.
தினமும் வேலை முடிந்ததும்
அதே ஹோஸால்தான்
தலையில், சட்டையில், முகத்தில்
தூசி ஊதிக்கொள்வாய்.
அதை நீயும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

உள்ளே அமுதினி
புது மிஷினுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள்,
காற்றுத் துளையை மட்டும் விட்டுவிட்டு.