பின்னால் எடுப்பது

மேடு என்று இந்தப் பக்கம் எதுவும் இல்லை.
பாலங்கள்தான் எங்களுக்கு மலை.
பாமணியாறு, முள்ளியாறு, அரிச்சந்திரா நதி,
பலகை வைக்காத வாய்க்கால்கள் பதினேழு.
ஒவ்வொன்றிலும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கி
ஒருமுறை இருமிவிட்டுத்தான் ஏறும் என் பிக்கப்.
ரயில்வே கேட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நாலு சிலிண்டர்.
பின்னால் டிரெய்லரில் நாலு வரிசை நடவு மெஷின்.
பேங்கில் நாலு தவணை பாக்கி.

டிரெய்லர் நீடாமங்கலம் ஜபருல்லா பட்டறையில் அடித்தது;
சக்கரம் இரண்டும் செத்துப்போன ஆம்னி வேனுடையவை.
மெஷின், தார்ப்பாய், பெட்ரோல் கேன்,
மாதவமணியின் சாப்பாட்டுத் தூக்கு,
எல்லாம் சேர்ந்தும் பெரிய கனமில்லை.
கனமில்லாததுதான் தொல்லை.
மெஷினை ஒரு சாண் பின்னே தள்ளி ஏற்றிவிட்டால்
நாற்பதைத் தாண்டியதும் வாலை ஆட்டத் தொடங்கும்.
ஆட்டம் ஸ்டியரிங் வழியாக ஏறி
என் தோளில் வந்து உட்காரும்.
அப்போது பிரேக்கைத் தொடக் கூடாது.
ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு
அதுவே ஓயும்வரை
வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

அதனால் கிளம்புமுன் மூக்கைத் தூக்கிப் பார்ப்பேன்.
ஒற்றைக் கையில் வந்தால் தப்பு.
இரண்டு கையும் கொடுத்து
'யப்பா' என்று சொல்லவைத்தால் சரி.
பிறகு கொக்கி, பின்,
பின்னை நம்பாமல் ஒரு சங்கிலி.
சங்கிலியையும் நம்பியல்ல.
ஆனாலும்.

ஆனி பன்னிரண்டு.
கலியமூர்த்தி விடிவதற்குள் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்:
குட்டைத் தண்ணியை இறைச்சுச் சேறடிச்சாச்சு,
பாய் நாத்துக்கு இன்னைக்குப் பதினேழாம் நாள்,
இன்னும் ரெண்டு நாள் போனா
மெஷினுக்கு உசந்துடும்மா.

தலைஞாயிறு தாண்டிக் கரைச் சாலை.
இடது பக்கம் வெடித்துக் கிடக்கும் வாய்க்கால்,
வலது பக்கம் ஆளுயரப் பள்ளத்தில் வயல்,
நடுவே வண்டி அகலமும் அதற்கு மேல் ஒரு முழமும்.
எதிரே மினிபஸ்.

பஸ் பின்னால் போகாது. எழுதாத சட்டம்.
கண்டக்டர் இறங்கி வந்தான்:
'நான் வேணா எடுத்துத் தரட்டாக்கா?'
வேண்டாம் என்றேன்.

மதகு வரைக்கும் முந்நூறு மீட்டர்.
டிரெய்லர் இடது போக ஸ்டியரிங்கை வலது ஒடி.
ஒடித்த கையோடு திருப்பு.
நீளமான டிரெய்லர் யோசித்துக் கோணும்,
என்னுடையது குட்டை,
பேனாக்கத்தி மாதிரி நொடியில் மடங்கும்.
மடங்கினால் முன்னே வந்து, நேராக்கி,
முதலிலிருந்து.
பஸ் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும்.

'வா வா வா வா'
பின்னால் கத்திக்கொண்டே நடந்த மாதவமணி
சட்டென்று நிறுத்திவிட்டான்.
நானும் நிறுத்தினேன்.
டயர் விளிம்புக்குப் போய்விட்டதா?
இல்லை.
அவன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தது.
முன்னால் ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல் துண்டு,
கருவேல முள், அழுக்கு நுரை.
ஒவ்வொரு வெடிப்பிலும் நின்று
உள்ளே இறங்கி, நிரப்பி,
அடுத்ததற்கு வந்தது.

பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள்.
டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டான்.
ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.
நான் மட்டும் கிளட்சை அரைக்கால் விட்டு
பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.
முதலில் இடது கண்ணாடிக்குள் அது,
அப்புறம் கதவோரம்,
அப்புறம் பானெட்டைத் தாண்டி
நான் போக வேண்டிய ஊருக்கு
எனக்கு முன்னால்.

மதகடியில் மூக்கை ஒதுக்கினேன்.
ஒரே தடவையில் போனது;
பார்க்கத்தான் யாருமில்லை.

பஸ் போனதும் போன் அடித்தது.
'எங்கம்மா இருக்கே?'
'தண்ணிக்கு ஒரு பர்லாங்கு பின்னால.'

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு கலியமூர்த்தி கேட்டார்,
'எந்தத் தண்ணி?'