இருபத்திரண்டு கிலோ

வண்டியின் அடித்தட்டில் இருந்த பெட்டியைக்
கழற்றி மூலையில் வைத்துவிட்டார் மெதர்பெக்.
நாரின் மருத்துவமனையின் லிஃப்ட் வாசலில்
விரல் உயரத்துக்கு ஓர் இரும்புப் பட்டை.
அதில் முட்டி முட்டி
வலது சக்கரம் கோணிவிட்டது.
"பொத்தான் கிடையாது, விளக்கு கிடையாது,
சும்மா உறுமிக்கொண்டு கிடக்கிறது.
இருபத்திரண்டு கிலோ!
எதற்குத் தள்ள வேண்டும் இதை?"

கேட்டது நியாயம்தான்.
பெட்டி இல்லாமலே மூன்று நாள்,
பதினோரு பேருக்கு எண்டோஸ்கோப்பி.
ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மீட்டரை எடுத்து வந்தேன்.
திரை கசிந்தது. ஒளிவிளக்கு கசிந்தது.
பம்பும், படம் அச்சிடும் கருவியும்.
தனித்தனியே எல்லாம் நல்ல பிள்ளைகள்,
சட்டம் அனுமதித்த அளவுக்குள்தான்.
ஒரே பலகையில் செருகியதும்
அத்தனை கசிவும் ஒரே கம்பியில் இறங்கியது:
அறுநூற்று நாற்பது மைக்ரோ ஆம்பியர்.
அந்தக் கம்பி எங்கே போகிறதென்று பார்த்தேன்.
சுவரில் இரண்டே துளை.
மூன்றாவதை, மண்ணுக்குப் போக வேண்டியதை,
கட்டடம் எழுந்த காலத்தில்
யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

வழி இல்லாத மின்சாரம் வழி தேடும்.
குழாயை விழுங்கியபடி
இரும்புக் கட்டிலைப் பற்றிக் கிடக்கும் மனிதர்
நல்ல வழி.

அன்று மாலை ஜன்னலுக்கு வெளியே
உறைந்த மண்ணில் செம்புக் கோல் இறக்கினேன்.
பாதி அடி கோலுக்கு, மீதி என் கட்டைவிரலுக்கு.
நர்ஸ் டோக்தோபுபு கெட்டிலோடு வந்து
மண்ணில் வெந்நீர் ஊற்றினார்,
தேநீர் போச்சே என்று திட்டிக்கொண்டே.

பெட்டியைத் திருப்பிப் பொருத்துகையில்
மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார் மெதர்பெக்.
ஓர் இரும்பு வளையம். அதன்மேல் ஒரு செம்புச் சுருள்.
அதன்மேல் மஞ்சள் படலம். அதற்கும் மேல் இன்னொரு சுருள்.
"ஒன்றையொன்று தொடவே இல்லையே!"
தொடவில்லைதான். முதல் சுருள் துடித்தால்
இரும்பு துடிக்கும், இரும்பு துடித்தால்
அடுத்தது தன் மின்சாரத்தைத் தானே பெற்றெடுக்கும்.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:
"என் முன்னாள் மனைவிக்கு நான்
இப்படித்தான் பணம் கொடுக்கிறேன்.
நடுவில் பையன்."

மறுநாள் முதல் ஆள் துய்ஷோனாலி.
சோங்-கோல் மேய்ச்சலில் இருந்து
இரண்டு நாள் பயணம், வயிற்றில் நெருப்பு.
படுக்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.
ஜூலையில் அவருடைய செம்பழுப்புக் குதிரை செத்ததாம்.
மின்னல் அதன்மேல் விழக்கூட இல்லை,
நூறு அடி தள்ளிப் பாறையில் விழுந்தது.
மண் வழியாக வந்து
முன்னங்காலில் ஏறிப் பின்னங்காலில் இறங்கிப் போனது.
இவர் கால்களைச் சேர்த்துக் குந்தியிருந்தார்.
"அது இதற்குள்ளும் இருக்கிறதா?"

இருக்கிறது என்றேன். பொய் சொல்ல வரவில்லை.
"ஆனால் இந்தப் பக்கம் வந்த மின்சாரத்துக்கும்
மண்ணுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.
உங்களைத் தொட்டாலும், உங்கள் வழியே
போய்ச் சேர அதற்கு ஊர் கிடையாது.
அதனால் புறப்படாது."

நம்பினாரா தெரியாது.
கல்பாக்கைக் கழற்றினார், பிறகு பல்செட்டை.
இடப்பக்கம் சாய்ந்து படுத்தார்.
கால்களை மட்டும் ஒட்டச் சேர்த்துக்கொண்டார்.

திரையில் சிவந்த சுரங்கம்.
வளைவு தாண்டி ஆப்பிள் விதை அளவில்
வெள்ளை பூத்த ஒரு புண்.
மீட்டர் முப்பத்தெட்டில் நின்றது.
அடித்தட்டில் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது,
தொட்டால் இளஞ்சூடு.

பதிவேட்டில் கோளாறு என்ற கட்டத்தில்
அந்தப் பதினோரு பேரை எப்படி எழுதுவது
என்று தெரியவில்லை. காலியாக விட்டேன்.

வெளியே லிஃப்ட் வாசலில்
ஒரு பலகையைச் சரிவாக வைத்து
ஆணி அடித்துக்கொண்டிருந்தார் மெதர்பெக்.
ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை,
யாருக்கோ கேட்கட்டும் என்று,
"இருபத்திரண்டு கிலோ."