முந்தைய வாசிப்பு

கொழும்பிலிருந்து திரும்பி வந்த உறையில்
நாங்கள் அனுப்பிய எல்லாமே இருந்தன:
எக்ஸ்ரே பிரதி, வைத்தியரின் கையொப்பம்,
கஸ்தூரியார் வீதிப் பட்டறையின் முத்திரை,
முத்திரையோரம் என் பெருவிரல் மை.
புதிதாய் ஒரு தாள் மட்டும்.

"முதுகுக் கவசம்: மூன்று வருடத்துக்கு ஒன்று.
அதற்குள் மாற்றுவதாயின்
களவு, தீ, விபத்து
இவற்றில் ஒன்றை நிரூபிக்கவும்."

பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்பது
அந்த வரியில் இல்லை.

கம்ஷிகாவுக்குப் பன்னிரண்டு முடிந்து நாலு மாதம்.
போன வருஷம் ஈரப் பிளாஸ்ரரில் எடுத்த அச்சு
இன்னும் பின்னறை இறாக்கையில் நிற்கிறது,
தலையில்லாமல், கையில்லாமல்,
இடுப்பில் றெக்ஸ் அண்ணன் பென்சிலால் கீறிய இலக்கத்தோடு.
அதில் வார்த்த கவசம் இப்போது அக்குளில் வெட்டுகிறது.
நாளுக்கு இருபத்து மூன்று மணித்தியாலம்
அதற்குள் இருக்க வேண்டும்.
சித்திரை வெயில். உள்ளே வியர்க்குரு.
மேலே தேய்த்து மடித்த பள்ளிக்கூடச் சட்டை, ரை.

எழுபத்தோராயிரத்து ஐந்நூறு ரூபா.
நான்தான் பிரித்து எழுதினேன்:
பிளாஸ்ரிக் தகடு, பஞ்சு, வார் மூன்று, கூலி.
வாருக்குத் தருவார்களாம்.
வாரை எதில் கட்டுவது என்று
கடிதத்தில் இல்லை.

போன் எடுத்தேன். ஒரு பெடியன், மரியாதையான குரல்.
"மிஸ், கடையில ரெடிமேட்டா வாங்கினதெண்டால்
அது வேற பிரிவு. பாஸ் பண்ணலாம்."
தம்பி, கடையில் தொங்குவது
நேரான முதுகுக்கு.
இது எங்கள் ஊர் ஒழுங்கை,
போகப்போக இரண்டு திருப்பம்.
அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.
பிறகு, "ஃபோமில அப்பிடி ஒரு கட்டம் இல்லை மிஸ்" என்றான்.

தாய் கதிரையை என் மேசைக்குக் கிட்ட இழுத்தாள்.
"களவு போச்செண்டு பொலிஸில ஒரு என்றி போட்டால்?"

சரி, போடுவம் என்றேன்.
சுழிபுரத்தில் நடுச்சாமம்.
கள்ளன் அலுமாரியைத் தொடவில்லை, சங்கிலியைத் தொடவில்லை,
பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் விலாவைத் தூக்கிக்கொண்டு
மதில் ஏறுகிறான்.
சார்ஜன் எழுதுகிறார்: நிறம் வெள்ளை,
இடது பக்கம் வண்ணத்துப்பூச்சி ஒட்டியது.
சந்தேக நபர் நிமிர்ந்து நடக்கக் கூடும்.

முதலில் சிரித்தது கம்ஷிகாதான்.
சிரித்தால் விளிம்பு குத்தும்.
குத்தக் குத்தச் சிரித்தாள்.

சிவநேசராசா மட்டும் சிரிக்கவில்லை.
மின்சார சபையில் பத்தொன்பது வருஷமாய்
மீற்றர் வாசிக்கிற மனிதர்.
"தங்கச்சி, நாய் கலைச்ச வீட்டிலயும்
நான் உள்ள யூனிற்றைத்தான் எழுதினனான்.
இதையும் அப்பிடி எழுதுங்கோ."

'காரணம்' என்ற கட்டம் தீப்பெட்டி அளவு.
எழுத்தைச் சிறிதாக்கி எழுதினேன்.
முந்தைய வாசிப்பு: நூற்று நாற்பத்தொன்று.
இன்றைய வாசிப்பு: நூற்று நாற்பத்தெட்டரை.
வித்தியாசம்:

"ஐயோ, ஏழரையெண்டு போடாதேங்கோ பிள்ளை!"
தாய் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.
"சனியன் வந்து குந்தியிருவான். எட்டெண்டு போடுங்கோ."
அவர் மனைவியைப் பார்த்தார்.
அவள் கையை எடுத்தாள்.
ஏழரை சென்ரிமீற்றர்.

றெக்ஸ் அண்ணன் பழைய கவசத்தை வாங்கிப்போய்
அக்குள் விளிம்பைச் சூடாக்கி
ஒரு விரல் அகலம் விரித்துக் கொடுத்தார்.
ரெண்டு மாதம் தாங்கும் என்றார். தாங்கலாம் என்றார்.
அதற்கு நான் பில் எழுதவில்லை.
எழுதினால் "பழுது பார்த்தல்" ஆகிவிடும்,
அதுவும் ஒரு பிரிவு,
பிறகு புதியது எதற்கு என்பார்கள்.

உறைக்கு முத்திரை ஒட்டும்போது
பின்னறையில் சத்தமில்லை. எட்டிப் பார்த்தேன்.
அச்சைக் கீழே இறக்கி ஸ்ரூலில் நிறுத்தி
அதோடு முதுகோடு முதுகாய் நின்று
தலையைத் திருப்ப முடியாமல்
கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோய்
பார்த்துக்கொண்டிருந்தாள்,
தோள் எங்கே வருகிறது என்று.