மூன்று வருட நவம்பர்

வின்னிபெக்கில் பனி உருகிவிட்டது.
என் மடிக்கணினியில் நேற்று வரை
நவம்பர். மூன்று வருடமாய் அதே நவம்பர்.

முப்பது நாள் இலவசம், பிறகு
ஆண்டுக்கு ஆயிரத்து நானூறு டாலர்:
நிலவறைக்கு இரண்டு மாத வாடகை.
பார்சல் கிடங்கில் இரவு வேலை முடித்து வந்து
இருபத்தொன்பதாம் நாள்தோறும்
கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினேன்.

அழகான மொழி அது.
பத்து வரிச் சங்கதியை
மூச்சு வாங்காமல் இரண்டில் முடிக்கும்.
ஒருநாள் என் கோப்பையே பார்த்து
'இது எதிர்காலத்தில் எழுதப்பட்டது' என்று
ஏற்க மறுத்தது.
சிரித்தேன். பிறகு கொஞ்சம் பயந்தேன்.

அறைத்தோழன் செந்தூரன்
காசு கேட்காத இன்னொன்றைப் பிடித்துக்கொண்டான்.
கோணல் மாணலான மொழி.
ஆனால் நள்ளிரவில் எங்கே சிக்கினாலும்
அங்கே முன்பே சிக்கிய ஒருவர்
வழி எழுதி வைத்திருப்பார்.
நேர்காணலில் அவனிடம் அதைத்தான் கேட்டார்கள்.
என்னிடமும்.

நேற்று மாலை மின்னஞ்சல்:
இனி எல்லோருக்கும் இலவசமாம்.
பந்தி முடிந்து
விளக்கணைத்த மண்டபத்தில்
இலை போடுகிறார்கள்.

தேதியைச் சரிசெய்தேன்.
மூன்று குளிர்காலத்தை ஒரே சொடுக்கில் விழுங்கி
விசிறி இரைந்தது.
'புதிய பயனரே, வருக' என்றது திரை.

பேருந்து ஆறு நிமிடத்தில்.
கையுறையை எங்கே வைத்தேன்?