மூக்குமலை ஏறிய நாள்

ஆயுத பூசைக்கு மறுநாள்
தறிகளெல்லாம் நெற்றியில் சந்தனம் காய
வாய்மூடிக் கிடந்தன.
நகரியில் அப்படியொரு அமைதி
வருடத்துக்கு ஒன்றரை நாள்தான்.
காது அதை நம்பாமல்
தானே இரைந்துகொண்டிருந்தது.

பதினோரு வருடமாய்
சாயத்தொட்டி மேட்டிலிருந்து பார்க்கிற மூக்கு.
மலை மல்லாந்து படுத்திருக்க
அது மட்டும் நிமிர்ந்து
மேகத்தை முகர்ந்துகொண்டிருக்கும்.
நூல் உலர்கிற மாலைகளில்
இரண்டடி தள்ளி, தலையைச் சாய்த்து,
முளைத்த வெள்ளியை அதற்கு
மூக்குத்தியாய்க் குத்திப் பார்ப்பான் ஏகாம்பரம்.
ஒருநாள் போகலாம் ஒருநாள் போகலாம் என்றே
மூவருக்கும் முட்டி தேய்ந்தது.

மாந்தோப்பு முடிந்து
காடு தொடங்குமிடத்தில்
வனக்காவலர் நிறுத்தினார்.
மூன்று ஆம்பிளைகள். தமிழ்ப் பேச்சு. தோளில் பை.
"சேத்துலு சூப்பு."
நீட்டினோம்.
என் கை மணிக்கட்டு வரை சிவப்பு.
செம்மரம் வெட்டினால் கை இப்படிச் சிவக்காதென்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
ஆனாலும் விடவில்லை.
விரல் விரலாய் மடக்கி
கோடரிக் காய்ப்பைத் தேடினார்.
கடைசியில் குனிந்து
என் உள்ளங்கையை முகர்ந்தார்.
"ரங்கா?"
"ரங்குதான் சார். லுங்கிக்கு."
கொட்டகைக் கொடியில் ஆடிய
தன் சிவப்புக்கட்டம் லுங்கியை
ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.
"நாலுக்குள்ள இறங்கிடணும். மெல்லகா போங்க."

கொஞ்ச தூரம்
யாரும் பேசவில்லை.

முந்தாநாள் மழையில்
காரைப்புதர்கள் புதுசாய்த் துளிர்த்திருந்தன.
ஈச்சங்குத்துகள், வெட்பாலை,
காலடியில் சுருண்டு சுருண்டு மரவட்டைகள்.
பிறகு கல் தொடங்கியது.

மணற்கல் என்றால் மணல்நிறம் என்று நினைத்திருந்தேன்.
காவி. வெளிறிய ரோஸ். பழைய ரத்தம். மஞ்சள்கரை.
மடித்து அடுக்கிய துணிக்கட்டு போல
ஒன்றன்மேல் ஒன்றாய்,
சில இடத்தில் அடுக்கு சரிந்து.
அடி தேய்ந்து தலை பெருத்த பாறையொன்று
ஒற்றைக்காலில் நின்றது.
அதனடியில் போகையில்
நாகரத்தினம் தும்மலை அடக்கிக்கொண்டான்.
தொங்கவிட்ட ஈரநூலில்
சாயம் எப்படி இறங்கும், எங்கே தேங்கும், எங்கே வெளுக்கும்
எனக்குத் தெரியும்.
அந்தப் பாறையில் அப்படியே இறங்கியிருந்தது.
யார் முக்கியது, எத்தனை நாள் ஊறியது,
கேட்க ஆளில்லை.

எல்லாம் சரி,
மூக்கைக் காணோம்.
இடதுபக்கம் பார்த்தோம். வலதுபக்கம் பார்த்தோம்.
சரிவு, புதர், குரங்குப் பீ, வானம்.
ஆடு மடக்கிக்கொண்டிருந்த முனிலட்சுமியிடம்
ஏகாம்பரம் விசாரித்தான்.
கோலை ஊன்றி எங்களை
மேலும் கீழும் பார்த்தாள்.
"மூக்கெல்லாம் உங்க ஊர்லதான் இருக்குது.
இங்க வெறும் கல்லு."

அவள் காட்டிய பக்கம் ஒரு பலகைப் பாறை.
அதில் அலை.
வற்றுகிற ஏரி கரையில் விட்டுப்போகும் நெளிவு,
அப்படியே கல்லாகி.
நக்கிப் பார்த்த நாகரத்தினம்
உப்பில்லை என்று அறிவித்தான்.
நான் கையை வைத்தேன்.
காலையில் ஒருவர் மடக்கிப் பார்த்த விரல்கள்
பள்ளத்துக்கொன்றாய்ப் போய் உட்கார்ந்தன.
எப்போதோ இங்கே தண்ணீர்,
முழங்கால் ஆழம்கூட இருந்திருக்காது,
லேசாய்க் காற்று,
அவ்வளவுதான்.
கை எடுக்க மனமில்லை.

தூறல் விழுந்தது.
பள்ளங்கள் நிறைய, காற்று அடிக்க,
கல் அலைமேல் நீர் அலை
கொஞ்சநேரம் ஓடியது.

இறங்கும்போது ஏகாம்பரம் வழுக்கினான்.
"நல்லவேளை, புத்தூர் பக்கம்தான்,
முறிஞ்சா முட்டை வச்சுக் கட்டிடுவாங்க" என்று
அவனே சிரித்தான், நொண்டினான்.

கொட்டகையில் காவலர் இல்லை.
கொடியில் லுங்கி தொப்பலாய்.
இவன்கள் போகலாம் போகலாம் என்றார்கள்.
நான் எடுத்துப் பிழிந்தேன்.
என் கைவழியே சொட்டிய தண்ணீரை
உற்றுப் பார்த்தேன்.
தெளிவாக இருந்தது.
உதறி, கூரைக்குள் காயப்போட்டுவிட்டு
நடந்தேன்.